சித்திரை எட்டாம் நாள், சம்பாவில்

ரிஷிகேசத்திலிருந்து கங்கோத்ரி போகிற யாத்திரை வண்டிகள் நரேந்திரநகர் மலையேறி, ஆகராகால் தாண்டி, சம்பா வழியாகத்தான் தெஹ்ரி ஏரிப் பக்கம் இறங்கும். இமாசலத்தில் இருக்கும் சம்பா வேறு. இது உத்தராகண்டில், பழைய தெஹ்ரி சமஸ்தானத்தைச் சேர்ந்த சிற்றூர். நான்கு திசையிலும் சாலை பிரிகிறது. ரிஷிகேசம், முசூரி, தெஹ்ரி, உத்தரகாசி என்று எங்கே போகிறவர்களும் இங்கே ஒரு டீ குடித்தாக வேண்டும் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. சார் தாம் சாலையை அகலப்படுத்தியபோது ஊருக்கு அடியிலேயே 440 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்துவிட்டார்கள். 2020 மே மாதம் இரு முனைகளும் சேர்ந்தன. அதன் பிறகு யாத்திரை வண்டிகள் சம்பாவைப் பார்க்காமலே சம்பாவைத் தாண்டிப் போக முடிகிறது. கடைக்காரர்களுக்கு அதில் வருத்தம்தான். டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி, மேல் சாலையில் ஏறச் செய்தேன்.

நான் போனது ஏப்ரல் மாதத்தில், மேளா நாளன்று. கார்வால் மலைக்காரர்களும் நம்மைப் போலவே சூரியனை வைத்து மாதம் பார்க்கிறவர்கள். அவர்களுடைய வைசாகம் எட்டு நமக்குச் சித்திரை எட்டு. ஆங்கிலத் தேதிக்கு ஏப்ரல் 20 அல்லது 21 வரும். அன்று சம்பாவில் கூடுகிற கூட்டத்துக்குக் காரணம் சாமியோ நதியோ இல்லை, ஒரு சிப்பாய். பெயர் கபர் சிங் நேகி. பெயரைக் கேட்டதும் 'ஷோலே' வில்லன் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாதுதான். இவர் செத்து அறுபது வருஷம் கழித்து வந்த படம் அது.

நினைவிடத்தின் முன்னால் கார்வால் ரைபிள்ஸ் அணி, துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நின்றது. இந்த நினைவிடத்தை 1971இல் படைப்பிரிவே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பியூகிள் ஊதி முடித்ததும் மலர்வளையங்கள்: முதலில் அதிகாரிகள், அப்புறம் அரசியல்வாதிகள், கடைசியில் தொப்பி வைத்த, மார்பில் பதக்கப்பட்டை தொங்குகிற ஓய்வுபெற்ற சிப்பாய்கள். பேச்சு நடுவில் வந்தவர்களுடையதுதான் நீளம். "பத்ரி விஷால் லால் கீ ஜெய்" என்று படை முழக்கம் எழுந்தபோது, ஜிலேபிக் கடையில் காத்திருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடச் சேர்ந்து கத்தினார்கள். ஒரு பக்கம் டோல், தமாவு முரசுகள். இன்னொரு பக்கம் ராணுவ பேண்டு வாத்தியம். யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதில் ஒரு சின்ன இழுபறி நடந்தது. டோல்காரர்தான் ஜெயித்தார்.

கபர் சிங்கைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். 1895 ஏப்ரல் 21 அன்று சம்பாவுக்குப் பக்கத்து மஞ்சியூட் கிராமத்தில் பிறந்தார். 1913 அக்டோபரில் 39ஆம் கார்வால் ரைபிள்ஸ் இரண்டாம் பட்டாலியனில் சேர்ந்தார். 1915 மார்ச் 10 அன்று பிரான்சின் நவ் ஷாப்பெல் கிராமத்தில் கொல்லப்பட்டார். அப்போது வயது பத்தொன்பது. விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். உடல் கிடைக்கவில்லை. ஊரில் மனைவி இருந்தார், சதூரி தேவி. அவருக்கு இருபதுகூட ஆகியிருக்கவில்லை.

கார்டில் அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர்ப் பக்கம் ஒருமுறை நடந்துபார்த்தால் 1913 அக்டோபரில் என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு பிடிபடும். மலையைச் செதுக்கிய வயல்கள் சில இடங்களில் இரண்டு ஆள் படுக்கும் அகலம்தான். மாடு திரும்பாது. மண்டுவா, ஜங்கோரா, கோதுமை, எல்லாமே வானம் பார்த்த விவசாயம். மண்டுவா நம்முடைய கேழ்வரகு, ஜங்கோரா நம்முடைய குதிரைவாலி. உழவைத் தவிர மற்ற வேலை எல்லாம் பெண்கள் தலையில்: புல் அறுப்பது, விறகு, தண்ணீர், எரு சுமப்பது. விளைவது வயிற்றுக்கே இழுபறி என்றால் உப்பும் துணியும் வாங்கக் காசு எங்கிருந்து வரும்? ஒரு பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பினால் வரும். போருக்கு முந்தைய வருஷங்களில் இந்தியச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். இங்கிலாந்து ராஜா மீது இருந்த பக்தியால் மலைவாசிகள் திரண்டு வந்தார்கள் என்று அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் இந்த வயல்களைக் குதிரை மேலிருந்து பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கார்வாலிகளுக்கென்று தனிப்படை அமைந்தது 1887இல். அதே வருஷம் காலூடாண்டா என்கிற காட்டு மேட்டில் முகாம் போட்டு, பிறகு வைஸ்ராய் பெயரில் லான்ஸ்டவுன் என்று ஆக்கினார்கள். படையின் தலைமையிடம் இன்றும் அதுதான். சம்பாவிலிருந்து அங்கே போக இப்போதும் கிட்டத்தட்ட ஒரு முழுப்பகல் மலைச்சாலையில் வளைந்து வளைந்து போக வேண்டும். அப்போது நடைதான். சம்பாப் பக்கமெல்லாம் தெஹ்ரி ராஜாவின் மண். இங்கிலீஷ்காரன் நேரடியாக ஆண்டது கங்கைக்கு அந்தப் பக்கத்துக் கார்வாலை. பட்டாளத்து ஆள்சேர்ப்புக்கு அந்த எல்லை ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கபர் சிங்கின் ராஜா இருந்த பழைய தெஹ்ரி நகரம் இப்போது அணைத் தண்ணீருக்கு அடியில். சம்பாவிலிருந்து ஒரு வளைவு இறங்கினாலே ஏரியின் பச்சை தெரிகிறது.

சேர்ந்து ஒரு வருஷம் நிறைவதற்குள் உலகப்போர் வந்துவிட்டது. மீரட் டிவிஷனோடு கார்வாலிகளின் இரண்டு பட்டாலியன்களும் கடல் கடந்து, 1914 அக்டோபரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. பலர் உடம்பில் இருந்தது இந்திய வெயிலுக்குத் தைத்த பருத்திக் காக்கி. கம்பளி வந்து சேர்வதற்கு முன் குளிர் வந்தது. மலைப் பிள்ளைகளுக்குக் குளிர் புதிதில்லை. புதிதாக இருந்தது ஈரம்தான். பிரான்சின் வடக்கு மூலையில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இடம் கண்ணுக்கு எட்டிய தூரம் மேடே இல்லாத தட்டை நிலம், ஓடைகளும் வாய்க்கால்களும் குறுக்கே ஓடுகிற சதுப்பு. இரண்டடி தோண்டினால் தண்ணீர். அதனால் பதுங்குகுழியை ஆழமாக வெட்ட முடியாமல், மண்மூட்டையை அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டு அதன் பின்னால் குளிர்காலம் முழுவதும் நின்றார்கள். அந்த நவம்பரிலேயே ஃபெஸ்டூபெர் அருகே முதல் பட்டாலியனைச் சேர்ந்த தர்வான் சிங் நேகி விக்டோரியா கிராஸ் வாங்கினார். இந்தியச் சிப்பாய்களும் அந்தப் பதக்கத்துக்குத் தகுதி உண்டு என்று 1911 டெல்லி தர்பாரில்தான் அறிவித்திருந்தார்கள். தர்வான் சிங் உயிரோடு ஊர் திரும்பினார்.

மார்ச் 10 காலை ஏழரைக்குப் பீரங்கிகள் ஆரம்பித்தன. முப்பத்தைந்து நிமிஷம். விமானத்திலிருந்து புகைப்படம் எடுத்து, ஜெர்மன் குழிகளை வரைபடமாக்கி, அதன்படி திட்டமிட்ட தாக்குதல். மேற்குப் போர்முனையில் ஆங்கிலேயர் தாங்களாகவே திட்டமிட்டு நடத்திய முதல் பெரிய தாக்குதலும் அதுதான். தாக்கப் போன படையில் ஏறக்குறைய பாதி இந்தியர்கள். எட்டு ஐந்துக்கு மண்மூட்டைச் சுவரைத் தாண்டி ஏறினார்கள். மஞ்சியூடில் அப்போது மத்தியானம் ஒன்றரை இருக்கும்.

கபர் சிங் செய்தது என்ன என்று புரிய, அந்தக் குழிகளின் அமைப்பு தெரிய வேண்டும். பதுங்குகுழியை நேர்கோட்டில் அமைத்தால் ஒரு முனையில் எதிரி புகுந்து சுட்டாலே மறுமுனை வரை சாவு. அதனால் சில கஜத்துக்கு ஒருமுறை குழியை வலமும் இடமுமாக ஒடித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு ஒடிப்பும் ஒரு முடுக்கு. முடுக்குக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது திரும்பிய பிறகுதான் தெரியும். இந்த மாதிரிக் குழியைப் பிடிக்க ஒரு சின்னக் குழு போகும். கையில் எறிகுண்டு, துப்பாக்கி முனையில் கத்தி. எறிகுண்டுகள்கூட அப்போது சரியாகக் கிடையாது. போர்முனைப் பட்டறைகளில் ஜாம் டப்பாவில் வெடிமருந்தும் இரும்புத் துண்டும் அடைத்துத் திரி வைத்துக் கொடுத்த காலம். குண்டை அடுத்த முடுக்குக்குள் வீசுவார்கள். வெடித்த அதே கணத்தில் முன்னால் நிற்கிற ஆள் மூலை திரும்ப வேண்டும். கொஞ்சம் முந்தினால் தங்கள் குண்டே கொன்றுவிடும். கொஞ்சம் பிந்தினால் எதிரி நிமிர்ந்துவிடுவான். ஒரு முடுக்கு முடிந்தால் அடுத்தது. அதற்கடுத்தது.

ஜெர்மன் பிரதானக் குழிக்குள் புகுந்த அப்படிப்பட்ட குழுவில், ஒவ்வொரு முடுக்கையும் முதல் ஆளாகத் திரும்பியவர் கபர் சிங். எதிரிகளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்ச் சரணடைய வைத்தார் என்றும், அதே மோதலில் இறந்தார் என்றும் விருதுக் குறிப்பு சொல்கிறது. மூன்று நாலு வரிக் குறிப்பு. எந்த முடுக்கில் இறந்தார் என்று அதில் இல்லை. ஏப்ரல் கடைசியில் அரசிதழில் வெளியானது. உயிரோடு இருந்திருந்தால் அதற்குச் சில நாள் முன்புதான் இருபது நிறைந்திருக்கும்.

அவர் பிடித்துக்கொடுத்த குழியால் என்ன கிடைத்தது என்று கேட்டால், பதில் கொஞ்சம் கசப்பானது. நவ் ஷாப்பெல் கிராமம் அன்று காலையே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அடுத்த உத்தரவு மேலிருந்து கீழே வந்து சேரவே மணிக்கணக்கில் ஆயிற்று. தொலைபேசிக் கம்பிகளைக் குண்டு அறுத்திருந்தது, ஓடிச் செய்தி சொல்ல வேண்டியவர்கள் வழியில் செத்தார்கள், பின்னால் இருந்த தளபதிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அவகாசத்தில் ஜெர்மானியர் பின்னால் புதுக் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கார்வாலிகளின் முதல் பட்டாலியன் கதை இன்னும் மோசம்: திசை தவறி வலப்பக்கம் ஒதுங்கி, பீரங்கி அறுக்காமல் விட்ட முள்கம்பிக்கு முன்னால் போய் மாட்டிக்கொண்டது. மார்ச் 13இல் எல்லாம் நின்றபோது கிடைத்தது ஒரு கிலோமீட்டர் சொச்சம் ஆழத்துக்கு நிலம். செத்தும் காயப்பட்டும் போன இந்தியர் மட்டும் 4,200 பேர் அளவில். கார்வாலிகளின் இரண்டு பட்டாலியன்களையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டிய அளவுக்கு ஆள் குறைந்துபோயிற்று.

மேளாக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த துணை ஒரு பழைய ஹவில்தார். தாத்தா, அப்பா, தான், மகன் என்று நாலு தலைமுறை ரைபிள்ஸ் என்றார். தமிழ்நாடு என்றதும் வெலிங்டனில் தான் இருந்ததைச் சொல்லி, "குன்னூர் டீ நல்லா இருக்கும், ஆனா பாலைக் கொதிக்க விடமாட்டீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். பிரான்சில் இருக்கிற நினைவிடத்தைப் பற்றிக் கேட்டபோது, படம் பார்த்திருக்கிறேன் என்று போனை எடுத்துக் காட்டினார். வட்டச் சுவர், நடுவில் பதினைந்து மீட்டர் உயரத் தூண், தூணின் தலையில் தாமரை, அடியில் காவலுக்கு இரண்டு புலிகள். 1927இல் திறந்தார்கள். மேற்குப் போர்முனையில் இறந்து கல்லறை இல்லாமல் போன இந்தியர்கள் 4,700க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. கபர் சிங்கின் பெயரும் அங்கேதான்.

"பேராவது இருக்கே சாப்" என்றார் ஹவில்தார். அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. பிரான்சில் செத்த சிப்பாய்க்குப் பெயர் கிடைத்தது. அதே போரில் மெசபடோமியாவில் செத்தவனுக்குக் கிடைக்கவில்லை. பாஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களை மட்டும் வெட்டிவிட்டு, சாதாரணச் சிப்பாய்களை இன்ன படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகப் போட்டார்கள். 2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்தவனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் நின்று கள்ளனைக் கடித்த நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து ஊர்க்காரர்களுக்குத் தோன்றியது, பேரேட்டில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வைத்திருந்த சாம்ராஜ்யத்துக்குத் தோன்றவில்லை.

ஹவில்தார் சின்னப் பையனாக இருந்த காலத்தில் சதூரி தேவியைப் பார்த்திருக்கிறார். "மேளாவுக்குப் பதக்கத்தைக் குத்திக்கிட்டு வருவாங்க. பெரிய பெரிய சாப் எல்லாம் சல்யூட் அடிப்பாங்க. நாங்க பசங்க வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்ப்போம்." அவர் எழுந்து, அந்தச் சல்யூட்டை எனக்கு அடித்தும் காட்டினார்.

நான் அந்த அம்மாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கபர் சிங் பட்டாளத்தில் இருந்தது பதினேழு மாதம். அவர் கபர் சிங்கின் விதவையாக இருந்தது அறுபது வருஷத்துக்கும் மேல். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த அறுபது வருஷத்தில் சமஸ்தானம் போயிற்று, சாம்ராஜ்யம் போயிற்று, இன்னொரு உலகப்போர் வந்துபோயிற்று. சல்யூட் வருஷத்தில் ஒருநாள். மிச்ச நாளெல்லாம் மலையில் ஒரு பெண்ணுக்கு இருக்கிற அதே புல்லும் விறகும் தண்ணீரும். மேடையில் பேசியவர்கள் எல்லாரும் அன்று "வீரபத்னி" என்று அவரை ஒரு வாக்கியத்தில் வணங்கிவிட்டு நவ் ஷாப்பெலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இந்தக் கதையில் நீளமான பாகம் அவருடையது. போன கணவனை நினைத்தும் பிறந்த வீட்டை நினைத்தும் கார்வாலிப் பெண்கள் பாடுகிற குதேட் பாட்டுகளுக்குக் குறைவே இல்லை. அரசிதழில் அவற்றுக்கு இடம் கிடையாது.

மேடையில் யாரும் சொல்லாத இன்னொரு பெயரும் இருக்கிறது. ஹவில்தாரிடம் கேட்டேன், உடனே முகம் மலர்ந்தது. சந்திர சிங் கார்வாலி. அவரும் முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போனவர். கபர் சிங் இருந்த அதே இரண்டாம் பட்டாலியன், பதினெட்டாம் ராயல் கார்வால் ரைபிள்ஸ் என்று பெயர் மாறி 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கடைத்தெருவில் நின்றது. எதிரே கான் அப்துல் கஃபார் கானின் தொண்டர்கள், கையில் ஆயுதம் இல்லாமல். சுடு என்று உத்தரவு வந்தபோது, சுடாதே என்றார் ஹவில்தார் சந்திர சிங். சிப்பாய்கள் சுடவில்லை. ஆயுள் தண்டனை கிடைத்தது அவருக்கு. 1941இல்தான் வெளியே வந்தார். ஒரே பட்டாலியன். ஒருவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து மூலை திரும்பினார், இன்னொருவர் கீழ்ப்படிய மறுத்து நின்றார். இரண்டு பேரையும் ஒரே மூச்சில் பெருமையாகச் சொல்ல ஹவில்தாரால் முடிந்தது. அதில் முரண்பாடு இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. எனக்கும் விளக்கம் கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைய ஆரம்பித்தது. இந்தப் பக்கத்து மலைகளில் வீடு பூட்டிக்கிடப்பது சாதாரணக் காட்சி. 2011க்குப் பிறகு உத்தராகண்டில் 700க்கு மேற்பட்ட கிராமங்கள் ஆளே இல்லாமல் காலியானதாக மாநில இடப்பெயர்வு ஆணையமே 2018இல் கணக்குக் கொடுத்தது. டேராடூன், டெல்லி என்று போனவர்கள் மேளாவுக்கு வருகிறார்கள், பூட்டைத் திறந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறார்கள். போகாமல் இருக்கிற பையன்கள் ஓடுகிறார்கள். நிஜமாகவே ஓடுகிறார்கள்: காலையிலும் மாலையிலும் மலைச்சாலை நெடுக, பனியனும் கிழிந்த ஷூவுமாக, நாலைந்து பேர் சேர்ந்து. ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண்.

அப்படி ஓடி முடித்து டீக்கடை பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது பதினெட்டு. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தை அவன் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். நாலு வருஷம் வேலை. முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கையில் பதினொன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகை, பென்ஷன் கிடையாது. "எங்க தாத்தா பென்ஷன்லதான் வீடு ஓடுது அங்கிள். எனக்கு நாலு வருஷம் கழிச்சு இருபத்திரண்டு. அப்புறம் டாக்ஸி ஓட்டணும், இல்லேன்னா செக்யூரிட்டி வேலை." பக்கத்தில் இருந்த இன்னொருவன், அந்தப் பணத்தில் ஒரு ஹோம்ஸ்டே கட்டலாம் என்றான். சுரங்கம் வந்த பிறகு இங்கே யார் வந்து தங்குவார்கள் என்று முதல் பையன் அவனை அடக்கினான்.

கபர் சிங் மேளாவில் இன்று காலை இருந்தாயா என்று கேட்டேன். இருந்தானாம், ஜிலேபிக் கடை வரிசையில். பிறகு அவன் கேட்டான்.

"உங்க ஊர்ல எத்தனை உயரம் கேக்கறாங்க? எங்களுக்கு 163."

"தமிழ்நாட்டுக்கு 166."

அவன் நண்பர்களைப் பார்த்துச் சிரித்தான். "நான் 164. அங்க பொறந்திருந்தா என்னை எடுத்திருக்கவே மாட்டாங்க" என்றான், தப்பித்தவனைப் போலவா, ஜெயித்தவனைப் போலவா என்று சொல்ல முடியாத குரலில். டீக்குக் காசை அவனே கொடுத்துவிட்டு, இன்னொரு சுற்று ஓட எழுந்தான்.